வாசகர் கேள்வி – பதில்: சரிந்த வீட்டுச் சந்தையும் ஒரு திரைப்படமும்

2008ஆம் ஆண்டின் அமெரிக்க நிதிச் சரிவைக் கதையாகக் கொண்ட 'த பிக் ஷோர்ட்' என்ற நகைச்சுவை கலந்த திரைப்படத்தைப் பற்றி இப்பகுதியில் வெளியான சிறு குறிப்பை வாசித்துவிட்டுப் பலர் எழுதியிருக்கின்றனர். மைக்கல் லூயிஸ் 2010இல் வெளியிட்ட நூலைத் தழுவி அடம் மெக்கே இயக்கிய இப்படம் 2015இன் இறுதியில் திரைக்கு வந்து, சிறந்த தழுவல் திரைக்கதைக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றது. வந்த கடிதங்களுள் ஒன்றோடொன்று தொடர்புடையவற்றைத் தெரிந்தெடுத்து இம்முறை பதிலளிக்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, கொட்டாஞ்சேனை

கேள்வி: மகனின் வற்புறுத்தலால் இப்படத்தைப் பார்த்தேன். யாரோ ஒருவர் வீட்டுக் கடனைக் கட்டாமல் விட்டால் வேறொருவர் கோடீஸ்வரராவது எப்படி என்பது கடைசிவரை எனக்கு விளங்கவில்லை. எளிமையாகச் சொல்ல முடியுமா?

பதில்: படத்தின் முழுக் கதையும் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

வழக்கமான முறையில், வீடு வாங்க ஒருவருக்குக் கடன் கொடுக்கும் வங்கி, அந்தக் கடன் தீரும்வரை அதைத் தன் கணக்கிலேயே வைத்திருக்கும். தவணை நின்றுபோனால் நட்டம் அந்த வங்கிக்கே என்பதால், சம்பளப் பத்திரம், காணி உறுதி, மதிப்பீட்டாளரின் அறிக்கை அனைத்தையும் அது துருவிப் பார்த்த பின்னரே பணத்தை விடுவிக்கும். அமெரிக்காவில் 1970களில் தொடங்கி இன்னொரு முறை வளர்ந்தது. ஆயிரக்கணக்கான வீட்டுக் கடன்களை ஒன்றாகத் திரட்டி, அவற்றிலிருந்து மாதந்தோறும் வரும் தவணைப் பணத்தைப் பெறும் உரிமையைப் பத்திரங்களாக முதலீட்டாளர்களுக்கு விற்பதே அம்முறை. கடனைக் கொடுத்த நிறுவனம் அதை நியூயோர்க்கின் நிதி மையமான வோல் ஸ்ட்ரீட்டிலுள்ள வங்கியொன்றுக்கு விற்றது. அந்த வங்கி அதைப் பத்திரமாக்கி ஓய்வூதிய நிதியங்களுக்கும் வெளிநாட்டு வங்கிகளுக்கும் விற்றது. ஒவ்வொருவரும் கைமாற்றிய நாளிலேயே தத்தம் கட்டணத்தை எடுத்துக்கொண்டனர். அதன் பிறகு கடன்காரர் தவணை கட்டினாரா, விட்டாரா என்பது கடனைக் கொடுத்தவரின் கவலையாக இருக்கவில்லை. வருமானத்துக்குச் சான்று கேட்காமலேயே கடன் கொடுக்கும் வழக்கம் பரவியதற்கு மூலகாரணம் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

இந்தப் பத்திரங்கள் அடுக்குகளாகப் பிரிக்கப்பட்டன. மேலடுக்கை வாங்கியவருக்கு முதலில் பணம் கிடைக்கும். நட்டம் வந்தால் கீழடுக்கை வாங்கியவரே அதை முதலில் தாங்குவார். எளிதில் விலைபோகாத கீழடுக்குகளை மீண்டும் ஒன்றுதிரட்டிப் புதியதொரு பத்திரம் உருவாக்கப்பட்டது. அந்தப் புதிய பத்திரத்தின் பெரும்பகுதி மிக உயர்ந்த தரமுடையது என்ற முத்திரையோடு சந்தைக்கு வந்தது. விற்காமல் தேங்கிய மீனைக் குழம்பாக்கிப் புதிய உணவெனப் பரிமாறுவதாகச் சமையற்கலைஞர் அந்தோனி போர்டைன் செய்துகாட்டும் காட்சி இதைத்தான் சொல்கிறது.

இனி, பணம் சம்பாதித்தவர்களின் கதை. கிறிஸ்டியன் பேல் நடித்திருக்கும் மைக்கல் பரி, மருத்துவம் படித்துவிட்டு முதலீட்டு நிதியம் நடத்த வந்தவர். எவரும் திறந்துபாராத அந்தப் பத்திரங்களின் விவரக்கோவைகளைத் திறந்து, உள்ளே இருந்த கடன்களை அவர் தனித்தனியாகப் படித்தார். பெருந்தொகையான கடன்கள் முதல் இரண்டு ஆண்டுகளுக்குக் குறைந்த வட்டியும் அதன்பின் உயரும் வட்டியும் உடையவை என்பதையும், 2007 அளவில் அந்த வட்டி உயரும்போது பலராலும் தவணை கட்ட முடியாமற்போகும் என்பதையும் கண்டார். ஆகவே 2005இல், அந்தப் பத்திரங்கள் பணம் தராமற்போனால் தமக்கு இழப்பீடு தரவேண்டும் என்ற ஒப்பந்தங்களைப் பெரிய வங்கிகளோடு செய்துகொண்டார். இது காப்புறுதியை ஒத்தது; ஆனால் அந்தப் பத்திரத்தைச் சொந்தமாக வைத்திராத ஒருவரும் இதை வாங்கலாம். வங்கிகள் அவருடைய கட்டுப்பணத்தை மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டன. சரிவு வரும்வரை அந்தக் கட்டுப்பணத்தால் நிதியத்தின் பணம் கரைந்துகொண்டே இருந்ததும், அவரிடம் பணம் கொடுத்திருந்தவர்கள் அதைத் திருப்பிக் கேட்டுச் சீறியதும், அவர் மீளப்பெறுதலை நிறுத்தியதும் படத்தில் நன்றாகவே காட்டப்பட்டுள்ளன. ஈற்றில் தவணைகள் நின்று அந்த ஒப்பந்தங்கள் பெரும்பணத்தைக் கொண்டுவந்தபின், தம் நிதியத்தின் இலாபம் 489 சதவீதம் என வெண்பலகையில் எழுதிவிட்டு, எவரிடமும் எதையும் கொண்டாடாமல் அவர் வெளியேறுகிறார்.

பல்கலைக்கழக மாணவர், வெள்ளவத்தை

கேள்வி: இலட்சக்கணக்கானோர் வீட்டை இழந்த சம்பவத்தை நகைச்சுவையாக எடுப்பது முறைதானா? படம் பார்க்கும்போது சிரித்துவிட்டுப் பின்னர் கூச்சப்பட்டேன்.

பதில்: நீங்கள் சிரித்ததும் பின்னர் கூச்சப்பட்டதும் இயக்குநர் நினைத்தபடியே நடந்தவை என்று நினைக்கிறேன். படத்தின் முதற்பாதியில் வரும் சிரிப்புக்கு ஒரு வேலை இருக்கிறது. நடிகை மார்கொட் ரொபி குளியற்றொட்டியில் இருந்தபடியும், பாடகி செலினா கோமஸும் பொருளியலாளர் ரிச்சர்ட் தேலரும் சூதாட்ட மேசையில் இருந்தபடியும் விளக்கம் சொல்லும் காட்சிகள் இல்லாவிட்டால், எங்களில் பலர் அரைமணி நேரத்தில் படத்தை நிறுத்தியிருப்போம். அப்படி நிறுத்திவிடுவது, 'இது நிபுணர்களின் விடயம், எங்களுக்கு எதற்கு' என்று 2008க்கு முன்னர் உலகம் முழுவதும் ஒதுங்கியிருந்ததற்கு ஒப்பானதே.

இரண்டாம் பாதியில் சிரிப்பு மெல்ல மெல்லக் குறைகிறது. சந்தை சரியப்போகிறது என்பதை உறுதிசெய்துகொண்ட இரண்டு இளைஞர்கள் லாஸ் வேகாஸில் மகிழ்ச்சியில் ஆடும்போது, பிரட் பிட் ஏற்றிருக்கும் பாத்திரம் அவர்களைத் தடுத்து, தாங்கள் வெல்வதென்றால் மக்கள் வீட்டையும் வேலையையும் ஓய்வூதியத்தையும் இழக்கப்போகிறார்கள், ஆகவே ஆடவேண்டாம் என்று கடிந்துகொள்ளும் காட்சி, என்னைப் பொறுத்தவரை படத்தின் உச்சம்.

இருந்தாலும் எனக்கு ஒரு குறை உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. புளோரிடாவுக்கு ஆய்வுக்குச் செல்லும் குழுவினர் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். கதவைத் திறப்பவர் அங்கே வாடகைக்கு இருக்கும் ஒரு குடும்பத் தலைவர். வாடகையை அவர் ஒழுங்காகக் கட்டிவருகிறார். ஆனால் வீட்டுச் சொந்தக்காரர் வங்கிக்குத் தவணை கட்டவில்லை. அந்தக் கடன் விண்ணப்பமோ சொந்தக்காரருடைய நாயின் பெயரில் நிரப்பப்பட்டிருக்கிறது. தாம் வாடகை கட்டுவதால் தம் குடும்பத்தை எழுப்பமாட்டார்கள்தானே என்று கேட்கும் அந்த மனிதரின் முகத்தைக் கமெரா சில வினாடிகளே காட்டுகிறது. படத்தின் கடைசிப் பகுதியில் அதே குடும்பம் வாகனத்தில் வாழும் நிலைக்கு வந்திருப்பதை மீண்டும் ஒரு கணம் காண்கிறோம். கடன் வாங்காதவர், கடன் கொடுக்காதவர், பத்திரத்தை விற்காதவர், வாங்காதவர் இவர். தெருவுக்கு வந்ததும் இவரே. இரண்டு மணித்தியாலத்துக்கும் மேல் ஓடும் படத்தில் இந்த மனிதருக்கு இன்னும் பத்து நிமிடங்களாவது ஒதுக்கியிருக்க வேண்டும். வென்றவர்களின் அறிவுக்கூர்மையைப் பார்த்து வியக்கும் நாங்கள், இவரை மறந்துவிட்டுத்தான் எழுகிறோம்.

வாசகர், மட்டக்குளி

கேள்வி: படத்தில் காட்டப்படுபவை எல்லாம் உண்மையா?

பதில்: பெரும்பகுதி உண்மை. மைக்கல் பரி தம் சொந்தப் பெயரிலேயே வருகிறார். ஸ்டீவ் கரல் நடித்த மார்க் பௌம், ஸ்டீவ் ஐஸ்மன் என்ற முதலீட்டாளரை அடிப்படையாகக் கொண்ட பாத்திரம். இரண்டு இளைஞர்களும் ஒரு வங்கியின் வரவேற்புக் கூடத்தில் முக்கியமான ஆவணத்தைக் கண்டெடுக்கும் காட்சியில், இது உண்மையில் இப்படி நடக்கவில்லை என்று பாத்திரமே கமெராவைப் பார்த்துச் சொல்லிவிடுகிறது. மாற்றிய இடத்தை மாற்றியதாகச் சொல்லும் அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

கணக்காளர், பம்பலப்பிட்டி

கேள்வி: கடன் பத்திரங்களின் நம்பகத்தன்மையை மதிப்பிட்டுத் தரம் வழங்கும் தரப்படுத்தல் நிறுவனங்களைப் படம் கொஞ்சம் அளவுக்கு மீறிக் குற்றம்சாட்டுவதாகத் தோன்றியது. உங்கள் கருத்து என்ன?

பதில்: நீங்கள் கணக்காளர் என்பதால் எண்களோடு பேசுவோம். இந்த நெருக்கடியை ஆராய அமெரிக்க அரசு அமைத்த ஆணைக்குழு 2011 ஜனவரியில் தன் அறிக்கையை வெளியிட்டது. 2000 தொடக்கம் 2007 வரை மூடிஸ் என்ற தரப்படுத்தல் நிறுவனம் மட்டும் வீட்டுக் கடன் சார்ந்த ஏறத்தாழ 45,000 பத்திரங்களுக்கு 'மூன்று ஏ' என்ற அதியுயர் தரத்தை வழங்கியது என்று அதில் பதிவாகியுள்ளது. 2010இன் தொடக்கத்தில் அமெரிக்காவில் அதே தரத்தைப் பெற்றிருந்த தனியார்துறைக் கம்பனிகள் வெறும் ஆறு. 2006ஆம் ஆண்டில் ஒவ்வொரு வேலைநாளிலும் முப்பது பத்திரங்கள் அந்த முத்திரையைப் பெற்றன. அந்த ஆண்டு முத்திரை பெற்றவற்றில் 83 சதவீதமானவை பின்னர் தரமிறக்கப்பட்டன. ஒரு நாளைக்கு முப்பது பத்திரங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஆயிரக்கணக்கான கடன்கள் என்றால், அவற்றை யார் உட்கார்ந்து படித்திருக்க முடியும்?

கண் பரிசோதனைக்குச் சென்றுவந்து கறுப்புக் கண்ணாடியோடு மேசையில் அமர்ந்திருக்கும் தரப்படுத்தல் நிறுவன அதிகாரியிடம், ஏன் எவருக்கும் குறைந்த தரம் கொடுப்பதில்லை என்று பௌம் கேட்கிறார். தாங்கள் கேட்ட தரத்தைக் கொடுக்காவிட்டால் வங்கிகள் அடுத்த தெருவிலுள்ள போட்டி நிறுவனத்திடம் போய்விடும் என்று அவர் சற்றுத் தயங்கியபின் ஒப்புக்கொள்கிறார். தரத்துக்கான கட்டணத்தைச் செலுத்துபவர் பத்திரத்தை வாங்குபவர் அல்லர், விற்பவர். தரம் பொய்த்துப்போனால் தரப்படுத்தியவருக்கு நட்டமில்லை. ஆசிரியை அவர்களுக்குச் சொன்ன அதே சங்கிலியின் இன்னொரு கண்ணிதான் இது. 2008 செப்டெம்பர் 15ஆம் திகதி வங்குரோத்து மனுவைத் தாக்கல் செய்த லீமன் பிரதர்ஸ் வங்கிகூட, அதற்குச் சில நாட்கள் முன்புவரை 'ஏ' தரத்திலேயே வைக்கப்பட்டிருந்தது. ஆகவே படம் அளவுக்கு மீறவில்லை என்பதே என் கருத்து.

பெயர் குறிப்பிட விரும்பாத வாசகி, தெஹிவளை

கேள்வி: காலி வீதியின் இரு மருங்கிலும் தொடர்மாடிகள் எழுந்துகொண்டே இருக்கின்றன. நாங்களும் 2021இல் கடனெடுத்து ஒரு வீடு வாங்கினோம். அடுத்த ஆண்டே தவணை ஏறக்குறைய இரட்டிப்பானது. நகைகளை விற்றுச் சமாளித்தோம். அமெரிக்காவில் நடந்தது கொழும்பிலும் நடக்குமா?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். உங்களுக்கு நடந்ததும் புளோரிடாவில் நடந்ததும் ஒரே இடத்தில் தொடங்கி வெவ்வேறு இடங்களில் முடிந்தவை.

தொடங்கிய இடம் மாறும் வட்டிவீதம். அமெரிக்க மத்திய வங்கி 2003இல் 1 சதவீதத்துக்குக் குறைத்திருந்த தன் கொள்கை வட்டியை, அதாவது மற்ற வட்டிகளுக்கு அடிப்படையாகும் வட்டியை, 2006 நடுப்பகுதியில் 5.25 சதவீதம்வரை உயர்த்தியது. 2004 நடுப்பகுதியிலிருந்து இரண்டு ஆண்டுகளில் படிப்படியாக நடந்த மாற்றம் அது. எங்கள் மத்திய வங்கியோ 2022 ஏப்ரல் 8ஆம் திகதி, ஒரே நாளில், கொள்கை வட்டிவீதங்களை 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாமல் நின்ற வாரங்கள் அவை. ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு கோடி ரூபாயை 20 ஆண்டுகளில் தீர்ப்பதாக 9 சதவீத வட்டிக்குப் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ 90,000 ரூபாய். அதே கடனுக்கு வட்டி 20 சதவீதமானால் தவணை ஏறத்தாழ 170,000 ரூபாய். இன்னும் கூர்ந்து பார்த்தால், முதல் மாதத் தவணையில் வட்டி மட்டும் 166,667 ரூபாய். வாங்கிய கடன் தொகையில் கழிவது மூவாயிரத்துச் சொச்சம்தான். நகையை விற்றுக் கட்டிய பணத்தில் பெரும்பகுதி எங்கே போனது என்ற உங்கள் வேதனைக்குக் காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது.

முடிந்த இடம் வேறு. எங்கள் வங்கிகள் வீட்டுக் கடனைப் பெரும்பாலும் பத்திரமாக்கி விற்பதில்லை. தம் கணக்கிலேயே வைத்திருக்கின்றன. ஆகவே அவை கடன் கொடுக்குமுன் கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கின்றன. உறுதியைச் சட்டத்தரணியிடம் காட்டுகின்றன. வருமானத்துக்குச் சான்று இல்லாதவரைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. நாயின் பெயரில் கடன் பெறுவது இங்கே நடக்காது. இதனால் அமெரிக்காவில் நிகழ்ந்த வடிவிலான சரிவு கொழும்பில் நிகழும் வாய்ப்பு மிகக் குறைவு என்று கருதுகிறேன்.

ஆனால் வங்கி தன்னைக் காத்துக்கொள்வது வேறு, கடன்காரர் காக்கப்படுவது வேறு. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கக் கடன் அறவிடுதல் சட்டத்தின் கீழ், அதாவது நாம் 'பராட்டே' என்று அழைக்கும் ஏற்பாட்டின் கீழ், ஈடு வைக்கப்பட்ட ஆதனத்தை நீதிமன்றம் செல்லாமலேயே வங்கியின் பணிப்பாளர் சபைத் தீர்மானத்தால் பகிரங்க ஏலத்தில் விற்கலாம். அந்த அறிவித்தல் வர்த்தமானியிலும் மும்மொழி நாளிதழ்களிலும் வெளியாக வேண்டும். தமிழ் நாளிதழ்களின் உட்பக்கங்களில் அவற்றை நீங்கள் கண்டிருப்பீர்கள்: வடக்கே இன்னது, கிழக்கே இன்னது என்று நாற்புற எல்லைகள், இத்தனை பேர்ச்சஸ் என்ற அளவு, அதிலுள்ள கட்டடங்கள், மரங்கள் உட்பட என்றொரு வரி, கீழே கடன் தொகையும் ஏலத் திகதியும். நெருக்கடியின் பின்னர் அரசாங்கம் 2024இல் இதைத் தற்காலிகமாக நிறுத்தி, 2025 மார்ச் இறுதிவரை அந்த நிறுத்தத்தை நீடித்தது. அமெரிக்கச் சரிவில் பெருவங்கிகள் ஒரே வாரத்தில் கவிழ்ந்ததால் உலகம் திரும்பிப் பார்த்தது. இங்கே சுமை வீடு வீடாக, நகைப்பெட்டி நகைப்பெட்டியாக இறங்கியதால் அது எவருக்கும் ஒரு திரைப்படக் கதையாகத் தெரியவில்லை.

இப்போது வட்டி இறங்கியிருக்கும் நிலையில், உங்கள் கடன் ஒப்பந்தத்தில் வட்டி எந்த அடிப்படையில், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை திருத்தப்படும் என்ற வாசகத்தைத் தேடிப் பாருங்கள். உயர்ந்தபோது உடனே உயர்த்திய வங்கி, இறங்கும்போதும் அதே வேகத்தில் இறக்கியதா என்பதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. முகாமையாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

வாசகர், வத்தளை

கேள்வி: இவ்வளவுக்கும் யார் சிறைக்குச் சென்றார்கள்?

பதில்: வோல் ஸ்ட்ரீட் வங்கிகளின் உயர்நிலையினரில் கரீம் செராகெல்டின் என்ற ஒருவரே, பத்திரங்களின் பெறுமதியைக் கூட்டிக்காட்டிய குற்றத்துக்காக 2013இல் 30 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். வங்கிகள் பெருந்தொகைத் தண்டப்பணம் கட்டின. அதைக் கட்டியது பங்குதாரர்களின் பணம். படத்தின் கடைசிக் கணக்குப்படி, அமெரிக்காவில் மட்டும் 80 இலட்சம் பேர் வேலையையும் 60 இலட்சம் பேர் வீட்டையும் இழந்தனர். இந்த இரண்டு பக்கங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எனக்கு வரும் கோபம் இன்னும் ஆறவில்லை.

ஓய்வூதியர், கல்கிசை

கேள்வி: என் ஊழியர் சேமலாப நிதிப் பணம் ஒரு நிதி நிறுவனத்தில் நிலையான வைப்பில் உள்ளது, அடுத்த மாதம் முதிர்வடைகிறது. வங்கியைவிட வட்டி கூட. துண்டுப்பிரசுரத்தில் நல்ல தரம் என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். படத்தைப் பார்த்தபின் தூக்கம் வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கவலைக்கு முன்னுதாரணம் எங்கள் நாட்டிலேயே உண்டு. லீமன் பிரதர்ஸ் விழுந்து மூன்று மாதங்களில், 2008 டிசெம்பரில், கோல்டன் கீ கடனட்டை நிறுவனம் வைப்பாளர்களின் பணத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் வீழ்ந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நீதிமன்றப் படிகளில் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தன. அதன்பின் 2011இல் நிதித்தொழில் சட்டம் வந்தது. ஆயினும் உரிமம் பெற்றிருந்த நிறுவனங்களும் விழுந்ததுண்டு. 2020இல் த பினான்ஸ் கம்பனியின் உரிமத்தை மத்திய வங்கி இரத்துச் செய்தது.

ஆகவே முதலில் உங்கள் நிறுவனத்தின் பெயர், உரிமம் பெற்ற நிதிக் கம்பனிகளுக்காக மத்திய வங்கி வெளியிடும் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் வேறெதையும் யோசிக்க வேண்டியதில்லை. இருந்தால், வைப்புக் காப்புறுதித் திட்டத்தின் கீழ் ஒரு நிறுவனத்தில் ஒரு வைப்பாளருக்குக் கிடைக்கக்கூடிய உச்ச இழப்பீடு 11 இலட்சம் ரூபாய் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். அதற்கு மேற்பட்ட தொகையை ஒரே இடத்தில் வைத்திருந்தால், மிகுதிப் பணத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. துண்டுப்பிரசுரத்தில் உள்ள தரத்தைப் பொறுத்தவரை, அது எந்தத் திகதியில் வழங்கப்பட்டது, அதன்பின் மாற்றப்பட்டதா என்பதைத் தரப்படுத்திய நிறுவனத்தின் அறிக்கையிலேயே தேடுங்கள். பிரசுரம் பழையதாக இருக்கலாம்.

முழுத் தொகையையும் இப்போதே பதறி எடுக்க வேண்டாம். முதிர்வுக்கு முன் எடுத்தால் வட்டியில் ஒரு பகுதியை வெட்டிவிடுவார்கள். முதிர்வு நாளில் பணத்தை இரண்டு அல்லது மூன்று உரிமம் பெற்ற நிறுவனங்களுக்குப் பிரித்துப் போடுங்கள். பல நிறுவனங்கள் அறிவுறுத்தல் கிடைக்காவிட்டால் வைப்பைத் தாமாகவே புதுப்பித்துவிடும் என்பதால், புதுப்பிக்க வேண்டாம் என்ற கடிதத்தை இந்த மாதமே நேரில் கொண்டுசென்று கொடுத்து, பிரதியில் திகதியோடு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.